சிஸ்டரைக் கேளுங்கள்: வேறு நாட்டில் படித்த நர்ஸ், ஆள் பற்றாத வார்டு

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு நாட்டில் நர்சிங் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் வேலைக்காக அலைகிறவர்கள், அவர்களை எடுத்தவர்கள், அவர்களோடு டூட்டி பார்க்கிறவர்கள் என எல்லாத் தரப்பும் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் வார்டிலும், பிறகு இப்படி வந்து சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்திலும் இருந்தவள். அந்த உரிமையில் கொஞ்சம் கறாராகவே பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருடைய பெயரையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: ஐசியூவில் எட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கணவரின் வேலைக்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், படுக்கை மாற்றுவேன். நர்ஸ் கிடைக்கவில்லை என்று அங்கே இருக்கிற ஒரு சிஸ்டரே இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. இதை விட்டுவிட்டுப் படிக்கவா, இல்லை இப்படியே இருந்துவிடவா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாத்திரை விஷயம் இல்லை, அந்த 'இரண்டு வருடம்'. நர்ஸாக அண்மையில் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும் என்பது நர்ஸ்களைப் பதிவு செய்யும் நர்சிங் கவுன்சில்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்திருக்கும் விதி. ஒன்டாரியோவில் அந்தக் கெடு 3 ஆண்டு. உதவியாளராக நீங்கள் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது நர்ஸ் வேலைக் கணக்கில் வராது. ஐசியூவில் வென்டிலேட்டர் பார்த்த கை, ஒரு தேதி தாண்டியதும் தாளில் 'பழக்கம் விட்டுப்போனவர்' ஆகிவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் விதி விதிதான், அதற்குள் ஓட வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? எல்லாரும் பரீட்சைப் புத்தகத்தை வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் காகிதத்தில் தொடங்கச் சொல்வேன். மெதுவாக வருவது அதுதான். நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பாடத்துக்கு வகுப்பில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்ற விவரம் கேட்கப்படலாம். பதிவு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்ற சான்றிதழ் உங்கள் பழைய கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. பழைய மருத்துவமனையில் மேட்ரன் மாறியிருப்பார், ஃபைல் கிடைக்காது, கடிதத்தில் பெயரின் இனிஷியல் ஒன்று தப்பாக இருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி, திருமணத்துக்குப் பிறகு இன்னொரு மாதிரி என்று பெயர் இருப்பவர்கள் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை இன்றே தயார் செய்துவிடுங்கள். படிப்பில் கெட்டிக்காரிகள் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது இந்த இனிஷியலில்தான்.

முன்பு ஒருமுறை விண்ணப்பித்து, படிப்பு சமமில்லை என்று பதில் வந்திருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் ஒன்டாரியோவில் கல்வித் தகுதி விதி தளர்ந்திருக்கிறது. நீங்கள் படித்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற நர்சிங் படிப்பு என்றால் ஏற்கிறார்கள், கூடவே அங்குள்ள பணிமுறைக்கு மாறுவதற்கான ஒரு பாடத்தை முடிக்க வேண்டும்.

அப்புறம் பரீட்சை. ஒன்டாரியோவில் 2015 முதல் பதிவுபெற்ற நர்ஸ் ஆவதற்கு அமெரிக்காவின் அதே உரிமத் தேர்வான என்கிளெக்ஸ்தான். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நீங்கள் சொல்லும் பதிலைப் பார்த்துக் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டும், குறைக்கும். முடிவு உறுதி என்று தோன்றியதும் நிறுத்திவிடும். 85-லேயே நின்றுவிட்டது, போச்சு என்று வெளியே வந்து அழுகிறவர்கள் உண்டு. அங்கே நிற்பது தேர்ச்சியாகவும் இருக்கலாம்.

அண்மைக்கால அனுபவத்துக்கும் மொழித் தகுதிக்கும் சேர்த்தே ஒரு வழி இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஒன்டாரியோவில் 'மேற்பார்வையுடன் பணி அனுபவம்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் கூட நின்று பார்க்க, நீங்கள் நர்ஸ் வேலையைச் செய்து காட்டலாம். ஆள் பற்றாக்குறைக்கு நான் பார்த்த தீர்வுகளில் புத்திசாலித்தனமானது இதுதான். நர்ஸ் ஏற்கெனவே அதே கட்டடத்தில் நிற்கிறார், விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. உங்கள் இல்லமோ பக்கத்து மருத்துவமனையோ அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் மேலாளரிடமே கேளுங்கள். நீங்கள் நர்ஸ் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வேலையை விட வேண்டாம். ஷிஃப்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மெடிக்கல் வார்டு இன்-சார்ஜ். வேறு வேறு நாடுகளில் படித்த நர்ஸ்கள் ஒரே சமயத்தில் எங்களுக்கு வந்திருக்கிறார்கள். "ஆள்தான் கொடுத்துவிட்டோமே" என்கிறது மேலிடம். "இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நாங்களே பார்த்துவிடலாம்" என்கிறார்கள் பழைய நர்ஸ்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது.

பதில்: இல்லை சிஸ்டர். உங்கள் பழைய நர்ஸ்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மேலிடத்தின் பக்கம் இல்லை. வந்த அன்றே புது நர்ஸை டூட்டி ரோஸ்டரில் ஒரு தலையாகக் கணக்கு வைத்தால், சொல்லிக்கொடுக்கிற வேலை மட்டும் கூடும், ஆள் கூடாது. முதல் சில வாரங்கள் அவரைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க வேண்டும். அவருக்குத் துணையாகப் போடும் சீனியருக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும்.

எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதிலும் பல இடங்களில் குழப்பம். ஊசி போடவும் டிரஸ்ஸிங் செய்யவும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். நெரிசலான வார்டுகளில் இருந்து வந்தவர்களுக்கு அதெல்லாம் கைவந்த கலை. நரம்பில் டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் போடுவதில் உங்கள் ஆட்களைவிட அவர்கள் வேகமாகவே இருப்பார்கள். அதற்கான உள்ளூர் அனுமதியை மட்டும் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள். அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில்.

ஒரு உதாரணம். ரத்தச் சர்க்கரை 22 என்று சீட்டில் இருக்கிறது. மில்லிமோல் கணக்கில் வேலை பார்க்கும் நாட்டில் அது மிக அதிகம், மில்லிகிராம் கணக்கில் ஏறக்குறைய 396. மில்லிகிராம் கணக்கிலேயே பழகிய நர்ஸின் கண்ணுக்கு 22 என்றால் நோயாளி மயங்கிக் கிடக்க வேண்டும், உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். எண் ஒன்றுதான், செய்ய வேண்டியது நேர் எதிர். 18-ஆல் பெருக்கினால் போதும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்குக் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும். குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் டிரேயிலேயே ஒரு சின்ன அட்டவணையை ஒட்டி வையுங்கள். மருந்துப் பெயரும் அப்படியே. பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றும், அட்ரினலினை எபிநெஃப்ரின் என்றும், சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்றும் சொல்லும் நாடுகள் உண்டு. அவசரத்தில் "எபிநெஃப்ரின்!" என்று டாக்டர் கத்தும்போது ஒரு நொடி விழித்தால், "இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று பெயர் வாங்கிவிடுவாள் அந்தப் பெண்.

அடுத்தது போன். இதைத்தான் நான் அதிகம் பயிற்சி கொடுப்பேன். பயிற்சிக்கு வந்தவரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டு, நான் இந்தப் பக்கம் தூக்கம் கலைந்த டாக்டர் குரலில் போனை எடுப்பேன். ஒரு பெண், நல்ல அனுபவசாலி, இப்படித் தொடங்கினார்: "சாரி டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும்..." அப்புறம் நோயாளி எப்போது அட்மிட் ஆனார், என்ன ஆபரேஷன், வீட்டில் யார் யார் என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கிவிட்டது என்பது கடைசி வரியில் வந்தது. "சரி, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அமைதி. டாக்டரிடம் இதைச் செய்யுங்கள் என்று ஒரு நர்ஸ் சொல்லலாம் என்பதே அவர் அதுவரை வேலை பார்த்த இடத்தில் இல்லாத வழக்கம். "உடனே வந்து பாருங்கள், அதுவரை டிரிப் வேகத்தைக் கூட்டட்டுமா?" என்று அவர் தயங்காமல் சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினேன். நிலை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்று நான்கு படியாகப் பேசும் எஸ்பார் முறை இதற்குத்தான் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை அது. அங்கேயும் மேலதிகாரியிடம் சுற்றி வளைத்துப் பேசினால் ஆபத்துதானே.

இன்னொன்று, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். புரியாவிட்டாலும் "சரி சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். பெரியவர்களிடம் புரியவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள் பலர். "இப்போ முதலில் எந்த பெட்டுக்குப் போவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

புதியவர்கள் இரண்டு பேரைச் சேர்த்து ஒரே நைட் டூட்டியில் போட்டுவிடாதீர்கள். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பல ரோஸ்டர்களில் அதுதான் நடக்கிறது.

கேள்வி: என் மகளை ஜெர்மனிக்கு நர்ஸாக அனுப்புவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொழி வகுப்பு, விசா, 'பிளேஸ்மென்ட்' எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார். மூன்று வருடம் பாண்ட், நடுவில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டுமாம். நம்பலாமா ஐயா/அம்மா?

பதில்: அம்மாதான். வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் அடிப்படை விதி. ஜெர்மனி 2022-இல் வெளிநாட்டு நர்ஸ்களை நியாயமாக எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு தர முத்திரையையே கொண்டுவந்தது. ஆள் எடுக்கும் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. "உங்களிடம் அந்த முத்திரை இருக்கிறதா?" என்று ஏஜென்ட்டைக் கேளுங்கள். முகம் போகிற போக்கைப் பாருங்கள், பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இறங்கியதும் நர்ஸ் ஆகிவிட முடியாது. பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற மேல்நடுத்தர நிலை கேட்பார்கள். அவள் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று கடிதம் வரும். அந்தக் குறையை நிரப்பப் பயிற்சியில் சேரலாம், அல்லது அறிவுத் தேர்வு எழுதலாம். அது முடியும்வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். பாண்டில் சொல்லும் மூன்று வருடம் இறங்கிய நாளிலிருந்தா, பதிவு கிடைத்த நாளிலிருந்தா? திருப்பிக் கட்டும் தொகை மாதாமாதம் குறையுமா, கடைசி நாள்வரை முழுத் தொகையா? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒன்றரை வருடமாக வேலை. நர்சிங் படித்ததே ஆங்கிலத்தில்தான். ஆனால் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பிரிவில் 6-இலேயே நிற்கிறேன். மற்ற மூன்றும் 7-க்கு மேல். இனி என்ன?

பதில்: அங்கே நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கேட்பது எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. அரை மதிப்பெண்ணில் நிற்கிறீர்கள். 2023 பிப்ரவரி முதல் இரண்டு மாற்றம் வந்திருக்கிறது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம், எந்தத் தேர்விலும் எழுத்து 6-க்குக் கீழும் மற்றவை 6.5-க்குக் கீழும் போயிருக்கக் கூடாது. அடுத்தது, உங்களைப் போல ஒரே பிரிவில் அரை மதிப்பெண் தவறவிட்டவர்கள், அங்கே உடல்நலம் அல்லது பராமரிப்புத் துறையில் ஓராண்டாவது வேலை பார்த்திருந்தால், உங்கள் ஆங்கிலம் வேலைக்குப் போதும் என்று வேலை கொடுத்தவரே தரும் சான்றைச் சேர்க்கலாம். இதைக் கேட்காமலேயே ஐந்தாம் முறை, ஆறாம் முறை என்று பரீட்சைக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அவர்கள் மேல் இல்லை, சொல்லாத மேலாளர்கள் மேல்.

மறுபடி எழுதுவதாக இருந்தால், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதிப் பாருங்கள். நகரமயமாதல் நல்லதா கெட்டதா என்று கட்டுரை எழுதச் சொல்லாது. நோயாளியின் குறிப்பைக் கொடுத்து, வேறொரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்லும். நீங்கள் தினம் செய்கிற வேலை.

பதிவுக்கு முன் கம்ப்யூட்டர் தேர்வும், 10 நிலையங்கள் கொண்ட ஆஸ்கி செய்முறைத் தேர்வும் இருக்கின்றன. ஆஸ்கியில் அறிவில்லாமல் தோற்பவர்கள் குறைவு. கை கழுவ மறப்பது, பெயரையும் பிறந்த தேதியையும் கேட்காமல் மருந்தை நீட்டுவது, அலர்ஜி கேட்காமல் விடுவது, இவைதான் ஆளைக் கவிழ்க்கும். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழகுங்கள். தேர்வாளருக்கு உங்கள் மனதுக்குள் நடப்பது தெரியாது.

கேள்வி: பணக்கார நாடுகள் தங்கள் வார்டை நிரப்ப ஏழை நாடுகளின் நர்ஸ்களை அள்ளிக்கொண்டு போவதற்கு நீங்கள் துணை போகிறீர்கள் என்று நான் சொன்னால்?

பதில்: சொல்லுங்கள், தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள், பற்றாக்குறை 58 லட்சம். நர்ஸ்களில் 78 விழுக்காட்டினர் இருக்கும் நாடுகளில் உலக மக்களில் 49 விழுக்காட்டினர்தான் வாழ்கிறார்கள். ஏழு நர்ஸ்களில் ஒருவர் வேலை பார்ப்பது பிறந்த நாட்டில் இல்லை. வருமானம் அதிகமுள்ள நாடுகளில் அது 23 விழுக்காடு. குழாயைத் திருப்பிவிட்டால் ஒரு பக்கம் நிறையும், மறு பக்கம் வற்றும், மொத்தத் தண்ணீர் கூடாது.

அதற்காகத்தான் 2010-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டில் இருந்து சுகாதாரப் பணியாளர்களை எடுப்பதற்கு ஒரு நடத்தை நெறியைக் கொண்டுவந்தது. 2023-இல் சுகாதாரப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள 55 நாடுகளின் பட்டியலையும் வெளியிட்டது. நைஜீரியா, கானா, ஜிம்பாப்வே, நேபாளம் எல்லாம் அதில் உண்டு. அங்கே போய் ஆள் பிடிக்கும் வேலையைச் செய்யக் கூடாது என்பது கருத்து. ஆனால் அந்த நாட்டு நர்ஸ் ஒருவர் தானாக விண்ணப்பிப்பதை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது. சம்பளம் மாதாமாதம் வராத ஒரு பெண்ணிடம் "நாட்டுக்காக இரு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் கோபம் வேறு. வெளிநாட்டில் இருந்து ஆள் எடுக்கச் செலவழிக்கும் மருத்துவமனையின் சமையலறையிலும் கிளீனிங் பிரிவிலும் வேறு நாட்டில் படித்த நர்ஸ் இருப்பார். துணைவரோடு வந்தவர், அகதியாக வந்தவர். கல்லூரியே குண்டுவீச்சில் போய்விட்டது, மதிப்பெண் பட்டியலை யாரிடம் கேட்பார்? அவருக்குத் தாளுக்குப் பதிலாகச் செய்முறையில் திறமையைக் காட்டும் வழி கொடுத்தால் எந்த நாட்டுக்கும் நஷ்டமில்லை. முதலில் அவரைத் தேடுங்கள், பிறகு விமான டிக்கெட் வாங்கலாம்.

கேள்வி: பன்னிரண்டு வருடம் இன்-சார்ஜாக இருந்தவள் நான். இங்கே கடைசிக் கிரேடு. என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண், நான் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று 'டிக்' அடிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் அழுகைதான்.

பதில்: அழுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அந்தப் பெண்ணின் மேல் கோபம் வேண்டாம். அவளுக்கும் அந்த 'டிக்' ஒரு வேலை, ஒருவேளை உங்களைப் பார்த்து அவளுக்கே நடுக்கமாக இருக்கலாம். அவளிடம், "நான் இவ்வளவு நாள் இன்-சார்ஜாக இருந்தேன், இங்கே இருக்கிற முறை எனக்குப் புதுசு, அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்று ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சூழல் மாறும். மேலாளரிடம் உங்கள் பழைய பொறுப்பைப் பற்றி எழுத்தில் கொடுங்கள், பழைய அனுபவத்தைச் சம்பளப் படியில் கணக்கெடுக்க வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில இடங்களில் உண்டு, கேட்டவர்களுக்கு மட்டும்.

கேள்வி: எனக்கு வயது 46. தாமதமாகிவிட்டதா?

பதில்: லைசென்ஸுக்கு வயது வரம்பு இல்லை, விசாவுக்கு இருக்கலாம். எந்த நாடு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அதையும், கடைசியாக வார்டில் டூட்டி பார்த்த மாதத்தையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.